துணைக்கு ஒரு ஆள்

எங்கள் நெல்லைப் பக்கத்துத் துஷ்டி வீடுகளில், அதாவது சாவு வீடுகளில், ஆண்கள் பெரும்பாலும் வெளியேதான் இருப்பார்கள். பெண்கள் உள்ளே உட்கார்ந்து வாய்விட்டு அழுவார்கள். ஆண்கள் பந்தலுக்கடியில், வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகளில். போனவர் வயதாளி என்றால் பேச்சு மழை, பிசானச் சாகுபடி, யார் பிள்ளைக்கு எந்த ஊரில் வேலை என்று எங்கெங்கோ போய்வரும். நாற்பது வயதுக்காரர் தானாக உயிரை விட்ட வீடு என்றால் மட்டும் பேச்சு ஒரே இடத்தில் சுற்றும். “நேத்துகூட டீக்கடைல நல்லாத்தான பேசிட்டிருந்தான்” என்பார் ஒருவர். “ஒண்ணுமே வெளிய காட்டிக்கிடலயே” என்பார் இன்னொருவர். அப்புறம் பெரியவர் யாராவது சொல்வார்: “மானஸ்தன்லா. கடங்காரன் வாசல்ல வந்து சத்தம் போட்டதத் தாங்கல. போயிட்டான்.”

இந்தக் கடைசிப் பேச்சைத்தான் நாம் முதலில் நிறுத்த வேண்டும். சொல்பவர் இரக்கத்தில்தான் சொல்கிறார், தெரியும். ஆனால் அதே பந்தலில், ஏறக்குறைய அதே அளவு கடனோடு, அதே மாதிரி தூக்கம் கெட்டு, இன்னும் இரண்டு பேராவது உட்கார்ந்திருப்பார்கள். மானமுள்ளவன் செய்வது இதுதான் என்று அவர்கள் காதில் விழும். கவரிமான் பரம்பரை என்று மேடை போட்டுப் பெருமை பேசிப் பழகிய சீமை இது. அந்தப் பெருமையைக் கடன்பட்ட ஒருவன் நடுராத்திரியில் தனியாக நினைத்துப் பார்த்தால் என்ன ஆகும் என்று மேடையில் பேசுகிறவர்கள் யோசிப்பதில்லை. இறந்தவரின் படத்துக்குப் பாட்டுப் போட்டு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைப்பதும், அவர் கடைசியாகப் பேசிய வீடியோவை நாலு குரூப்புக்கு அனுப்புவதும் இதே வகைதான். தயவுசெய்து அனுப்பாதீர்கள். வந்தால் அழித்துவிடுங்கள்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையில் இறந்தார்கள். நூற்றுக்கு 72 பேர் ஆண்கள். அதாவது ஒரு லட்சத்து 22 ஆயிரத்துக்கும் மேல். மாநிலங்களில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு, 19,834 பேர். நாடு முழுக்க இறந்தவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் தினக்கூலிகள். இதைச் சொல்வதால் பெண்களின் துயரம் குறைந்தது என்று ஆகிவிடாது. ஒரு ஆண் இப்படிப் போனால் அவர் விட்டுப்போன கடன், பிள்ளைகள், ஊரின் கேள்வி எல்லாம் அடுத்த நாளே ஒரு பெண்ணின் தலையில்தான் வந்து இறங்குகின்றன. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

சரி, “ஒண்ணுமே காட்டிக்கிடல” என்கிறார்களே, அது உண்மையா? பெரும்பாலும் காட்டியிருப்பார்கள். நாம் எதிர்பார்க்கும் உருவத்தில் காட்டியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். மனச்சோர்வு என்றால் மூலையில் உட்கார்ந்து அழுவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆண்களிடம் அது பல நேரம் கோபமாக வரும். தொட்டதற்கெல்லாம் பிள்ளைகள் மேல் எரிந்து விழுவார்கள். குடிக்காதவர் குடிப்பார், குடிப்பவர் காலையிலேயே போவார். இடுப்பு வலி, நெஞ்செரிச்சல், தலைப்பாரம் என்று உடம்பின் பெயரில் வரும். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து மோட்டார் போடப் போகிறேன் என்று வயலுக்குப் போவார்கள். கோயில் கொடைக்கு வரி கொடுக்க வராமல் ஒதுங்குவார்கள். கல்யாண வீட்டில் பந்திக்கு முன்பே நழுவிவிடுவார்கள்.

என் சித்தப்பா மகன் ஒருவன் களக்காட்டுப் பக்கம் வாழை விவசாயி. ஏத்தன் வாழை. குலை தள்ளி, இன்னும் கொஞ்ச நாளில் வெட்டலாம் என்ற நேரத்தில் ஒரு சாயங்காலக் காற்று பாதிக்கு மேல் சாய்த்துவிட்டுப் போனது. நிலம் பாட்டத்துக்கு எடுத்தது. மனைவியின் நகை அடகில். வெளியில் வாங்கியது வேறு. விழுந்த அன்றைக்கு அவன் ஒன்றும் பேசவில்லை. ஆள் வைத்து, சாயாமல் நின்றவற்றுக்குக் கம்பு ஊன்றினான். ஊரே பாராட்டியது, திடமான ஆள் என்று. அதற்கப்புறம் இடுப்பு வலி வந்தது. பக்கத்து ஊரில் ஊசி போட்டார்கள். நெஞ்செரிச்சலுக்கு கேஸ் மாத்திரை கொடுத்தார்கள். ஆள் மெலிந்துகொண்டே வந்தான். திடீரென்று ஒருநாள் பெண்டாட்டியிடம் பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது, யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று நிதானமாகச் சொல்லியிருக்கிறான். ஆசையாக வைத்திருந்த பைக்கைத் தம்பி முறைப் பையனிடம் “நீயே வச்சுக்கிடுல” என்று கொடுத்துவிட்டான். அவளுக்கு ஏதோ உறுத்த, நாத்தனாருக்கு, அதாவது இவனுடைய அக்காவுக்கு, போன் போட்டுச் சொன்னாள்.

அக்கா வீட்டுக்காரர் அம்பாசமுத்திரத்தில் இரும்புக்கடையில் வேலை பார்ப்பவர். அதிகம் பேசமாட்டார். அன்றைக்கே பஸ் ஏறி வந்துவிட்டார். வந்தவர் புத்திமதி சொல்லவில்லை. இவனோடு வயலுக்குப் போய் மோட்டார் ரூம் திண்ணையில் உட்கார்ந்து, பீடி ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு நேராகக் கேட்டார்: “மாப்ள, ஒண்ணு கேக்கேன், ஒளிக்காம சொல்லணும். செத்துப்போயிரலாம்னு நெனப்பு வருதா?”

அவன் ரொம்ப நேரம் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு இருந்தானாம். பிறகு, “ஆமா அத்தான். விடியக்காலம் வந்தா அந்த நெனப்புதான்” என்றான்.

இந்தக் கேள்வியைக் கேட்க எல்லாரும் பயப்படுகிறோம். கேட்டால் இல்லாத நினைப்பை நாமே கிளப்பிவிட்டது போலாகும் என்று பயம். அப்படி ஆவதில்லை என்பதை மனநல ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. நேராகக் கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை. பலருக்கு, ஒருவழியாக ஒருத்தராவது கேட்டாரே என்று பாரம் இறங்குகிறது. சுற்றி வளைத்துக் கேட்பதுதான் பயனில்லாதது. “தப்பா ஒண்ணும் நெனைக்கலியே?” என்று கேட்டால் “சேச்சே” என்றுதான் பதில் வரும், ஏனென்றால் கேள்வியே அந்தப் பதிலைக் கெஞ்சிக் கேட்கிறது. அந்தச் சொல்லைச் சொல்லியே கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள். “உனக்கென்னல கொறச்சல்”, “ஆம்பளப் பய இப்படிப் பேசலாமா”, “பிள்ளைகள நெனச்சுப் பாரு” எல்லாம் அப்போது வேண்டாம். பிள்ளைகளை அவன் நினைக்காமல் இல்லை. தான் இல்லாவிட்டால் அவர்களுக்குச் சுமை குறையும் என்று அந்த நேரத்துப் புத்தி அவனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதுதான் இந்த நோயின் கொடுமை.

அத்தான் அடுத்துச் சொன்னது இன்னும் முக்கியம் என்று நினைக்கிறேன். “நீ போய் டாக்டரப் பாரு” என்று அவர் சொல்லவில்லை. “நாளைக்குக் காலைல ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போறோம். நானும் கூட வாரேன்” என்றார்.

நம் ஊரில் ஆண்கள் எதற்குத்தான் தனியாகப் போயிருக்கிறார்கள்? பெண் பார்க்கப் போனால் நாலு பேர். மாடு பிடிக்கப் போனால் பல் பார்க்கத் தெரிந்த ஒரு ஆள். பத்திரப் பதிவுக்குச் சாட்சி, கோர்ட்டுக்கு விவரம் தெரிந்த ஒரு மாமா, பஞ்சாயத்துப் பேசப் போனால் வேன் நிறைய ஜனம். கண் ஆபரேஷனுக்குக்கூட ராத்திரி தங்க ஆள் கேட்டால் மூணு பேர் வருவார்கள். மனசு சரியில்லை என்று டாக்டரைப் பார்க்க மட்டும் ஒருவன் தனியாக, யாருக்கும் தெரியாமல், துண்டால் முகத்தை மறைக்காத குறையாகப் போக வேண்டும் என்று விட்டுவைத்திருக்கிறோம். அதனால்தான் போவதில்லை. துணைக்கு ஒரு ஆள் என்பது நமக்குப் புதிதாக யாரும் சொல்லித்தர வேண்டிய விஷயம் இல்லை. இந்த ஒன்றுக்கும் அதைக் கொண்டுவர வேண்டும்.

மறுநாள் நானும் போயிருந்தேன். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எங்களுக்கெல்லாம் ‘ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி’தான். அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. சீட்டு எடுக்கக் காசு கிடையாது. வராந்தா பெஞ்சில் காத்திருந்தபோது கவனித்தேன், இவனைப் போலத்தான் அங்கே எல்லாரும். வேட்டி கட்டிய பெரியவர், கல்லூரிப் பையன், கைக்குழந்தையோடு ஒரு பெண், அவளுக்குப் பக்கத்தில் அவள் அம்மா. இவன் நினைத்து வந்த மாதிரி யாரும் இல்லை. அதைப் பார்த்தே இவனுடைய தோள் கொஞ்சம் இறங்கியது.

டாக்டர் முதலில் தூக்கம் கேட்டார். பசி கேட்டார். இவன் இடுப்பு வலியைச் சொன்னான். அவர் அதையும் எழுதிக்கொண்டார். “காலைல எந்திரிக்கும்போது எப்படி இருக்கு? சாயங்காலம் எப்படி?” என்று கேட்டதும் நிமிர்ந்து பார்த்தான். விடியற்காலம்தான் மோசம் என்று இவரிடம் யார் சொன்னது என்ற பார்வை. மனச்சோர்வில் பலருக்கு அப்படித்தான் இருக்கும், விடியுமுன்பே விழிப்பு வந்துவிடும், அந்த நேரம்தான் கனமாக இருக்கும் என்றார் அவர். அதற்கப்புறம் இவன் பேசினான். நாங்கள் யாரும் கேட்டிராததெல்லாம் பேசினான்.

கடைசியில் டாக்டர் கேட்டது: “கூட யாரு வந்திருக்கா?” அத்தான் எழுந்தார். மாத்திரை வேலை செய்ய ரெண்டு மூணு வாரம் ஆகும், அதுவரை ஆளைத் தனியாக விடாதீர்கள், மாத்திரை வீட்டம்மா கையில் இருக்கட்டும், குடி கூடவே கூடாது, மோட்டார் ரூமில் இருக்கும் பூச்சிமருந்தெல்லாம் இன்றைக்கே வெளியே போக வேண்டும். இத்தனையும் அவர் சொன்னது இவனிடம் இல்லை, அத்தானிடம்.

கடைசியாகச் சொன்னதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். சாகும் நினைப்பு மாதக்கணக்கில் வந்து போகலாம், ஆனால் அது உச்சத்தில் நிற்கும் நேரம் பெரும்பாலும் குறைவு. அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் எதுவும் இல்லை என்றால் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள், அப்படிப் பிழைத்தவர்களில் பெரும்பாலோர் பிறகு தற்கொலையில் இறப்பதில்லை. பக்கத்து இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். தற்கொலை விகிதம் 1990-களில் இருந்ததைவிட முக்கால்பங்கு அளவுக்குக் குறைந்துபோனது. நம் தமிழ்நாட்டிலேயே கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்துக் கிராமங்களில் ஒரு முயற்சி நடந்தது. ஒவ்வொருவர் வீட்டிலும் கிடந்த பூச்சிமருந்தை ஊர்ப் பொது அறையில், ஆளுக்கொரு பெட்டி, ஆளுக்கொரு சாவி என்று வைத்தார்கள். தேவைப்படும்போது போய் எடுத்து, அடித்துவிட்டு, மிச்சத்தைத் திரும்ப வைப்பது. விவசாயிகள் ஏற்றுக்கொண்டார்கள், ஆய்வாகவும் 2013-ல் வெளிவந்தது. நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தில் ஒரு அறை ஒதுக்கினால் களக்காட்டிலும் சேரன்மகாதேவியிலும் இதைச் செய்ய முடியாதா? பெரிய செலவு இல்லை. ஒரு பூட்டு, பொறுப்பான ஒரு ஆள், அவ்வளவுதான்.

கடனைப் பற்றிப் பேசாமல் இதைப் பேசினால் அது பொய். மாத்திரையால் தூக்கம் வரும், வட்டி நிற்காது. 2017 அக்டோபர் 23, ஒரு திங்கட்கிழமை, குறைதீர்க்கும் நாள். கந்துவட்டிக் கொடுமைக்குப் பலமுறை மனு கொடுத்தும் பலன் இல்லாமல் ஒரு கூலித் தொழிலாளி தன் மனைவி, ரெண்டு சின்னப் பெண்பிள்ளைகளோடு நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே உயிரை விட முயன்றார். நாலு பேருமே பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு வாசலில் போலீஸ் நின்று பையைச் சோதித்துத்தான் உள்ளே விடுகிறார்கள். பையைச் சோதிப்பது வேண்டியதுதான். அந்தப் பையில் இருக்கும் மனுவையும் அதே அக்கறையோடு படிக்க வேண்டும். அதீத வட்டியைத் தடுக்க 2003-லேயே இங்கே சட்டம் இருக்கிறது. மிரட்டிக் கடன் வசூலிப்பதைத் தடுக்க 2025-ல் இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது. வங்கி, நிதி நிறுவனங்களின் வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ, மாலை 7 மணிக்குப் பிறகோ கடன் வாங்கியவருக்குப் போன் செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. இதெல்லாம் வாசலில் சத்தம் கேட்கும்போது ஒடுங்கிப்போய் உட்கார்ந்திருப்பவனுக்கு ஞாபகம் வராது. பக்கத்தில் நிற்கும் ஆளுக்கு ஞாபகம் இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டோம். நிதி நிறுவனத்துக்காரரிடம் பேசுவது ஒருத்தர் பொறுப்பு, இவன் போனுக்கு வந்தாலும் அவரிடம்தான் பேச வேண்டும் என்று சொல்லியாயிற்று. அடகு நகையை ஏலம் போகாமல் வட்டி கட்டித் திருப்பி வைப்பது இன்னொருவர். எல்லாப் பாக்கியையும் ஒரு குயர் நோட்டில் எழுதிக் கூட்டினோம். இவன் மனசில் பூதமாக நின்ற தொகையைவிட நோட்டில் வந்தது குறைவு. சின்னத் தொகை இல்லை, ஆனால் எழுதிப் பார்த்த பிறகு அது ஒரு தொகை, அவ்வளவுதான். நாலு வருஷம் ஆகலாம். ஆகட்டுமே.

இன்னொரு பயத்தையும் சொல்லியாக வேண்டும். யாராவது முயன்று பிழைத்துவிட்டால், “போலீஸ் கேஸ் ஆயிரும்” என்று ஆஸ்பத்திரியில் உண்மையை மறைக்கிறார்கள். மறைப்பதால் சிகிச்சையே தப்பாகப் போகலாம். 2017-ம் வருஷத்து மனநலச் சட்டத்தின் 115-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன நெருக்கடியில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குக் கவனிப்பும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. பழைய தண்டனைச் சட்டத்தில் இதைக் குற்றமாக்கியிருந்த 309-வது பிரிவு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் இல்லை. டாக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

பாளையங்கோட்டை வரை வர முடியாதவர்கள், முகம் காட்ட விரும்பாதவர்கள், ராத்திரியில் தனியாக இருப்பவர்கள் மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண்ணான 14416-க்கு அழைக்கலாம். காசு கிடையாது, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104-ம் இருக்கிறது. சென்னையில் 1986 முதல் இயங்கிவரும் சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. இந்த எண்களைச் சென்னையிலும் மும்பையிலும் கடை வைத்திருக்கும் நம் ஆட்களுக்கு அனுப்புங்கள். விடியுமுன் ஷட்டரைத் தூக்கி ராத்திரி பதினொரு மணிக்கு இறக்கி, கடை மாடியிலேயே படுத்துக்கொள்ளும் அண்ணாச்சிகளுக்கு ஊர்க்காரன் என்று பேச பல நேரம் ஒருத்தரும் இருப்பதில்லை. வளைகுடாவில் இருக்கும் மேலப்பாளையம், கடையநல்லூர்ப் பையன்களுக்கு 14416 அங்கிருந்து கிடைக்காது. அவர்களிடம் நீங்களே பேசுங்கள், பணம் அனுப்பியது வந்ததா என்பதோடு நிறுத்தாமல்.

பங்குனி உத்திரத்துக்கு எங்கெங்கோ இருக்கும் ஆண்களெல்லாம் அவரவர் குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்கு வந்து சேர்வார்கள். வேறு எப்போதும் இப்படி ஒரே குடும்பத்து ஆண்கள் நாள் முழுக்க ஒரே மரத்தடியில் உட்கார்ந்திருப்பதில்லை. பொங்கல் வைத்து, படைத்து, சாப்பிட்டு முடித்த பிறகு சும்மா கிடக்கும் அந்த மத்தியான நேரம் எனக்கு ரொம்பப் பெரிய வாய்ப்பாகத் தெரிகிறது. வராதவன் யார், வந்தும் ஒதுங்கி நிற்பவன் யார், போன வருஷத்தைவிட மெலிந்தவன் யார் என்று பெரியவர்கள் அன்றைக்குக் கவனிக்கலாம். மனைவியை இழந்த தாத்தாக்களையும் சேர்த்துத்தான். கஞ்சி வைக்கக்கூடத் தெரியாமல் திகைத்து நிற்கும் அவர்களை, வயசாயிற்று என்று விட்டுவிடுகிறோம்.

இவன் இப்போது நன்றாக இருக்கிறான். இந்த வருஷமும் வாழைதான், கொஞ்சம் குறைந்த பரப்பில். நடுவில் ஒருமுறை, தூக்கம் வந்துவிட்டதே என்று மாத்திரையை நிறுத்தப் பார்த்தான். தானாக நிறுத்தக் கூடாது, டாக்டர்தான் குறைப்பார் என்று அவன் மனைவி விடவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்ந்து திரும்பியவர்களுக்கு வீட்டுக்கு வந்த முதல் சில வாரங்கள்தான் மிகவும் ஆபத்தானவை என்கிறார்கள் மருத்துவர்கள். சரியாகிவிட்டது என்று சொந்தமெல்லாம் கலைந்து போகும் நேரமும் அதுதான். இவனை ஆஸ்பத்திரியில் சேர்க்கவில்லை என்றாலும் அத்தான் அந்தக் கணக்கை விடவில்லை. செவ்வாய்க்கிழமை ராத்திரி அவர் போன் செய்வார், ஞாயிற்றுக்கிழமை நான் போவேன், மறுசீட்டுக்கு ஹைகிரவுண்ட் போகும்போது எங்கள் மூணு பேரில் ஒருத்தர் கூடப் போவோம். இப்போது தேதியை அவனே முதல் வாரமே சொல்லிவிடுகிறான்: “அண்ணே, வர்ற வியாழக்கிழமை. யாரு வாரிய?”